பேராசிரியர் லைட்கெபின் ஒற்றை அணுப் படலம்

இன்று 2019 மே பதினேழு. எனக்கு எண்பத்தொரு வயது, மூன்று மாதம், பதினைந்து நாள். மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் திருமதி வால்ட்ராவுட் லைட்கெப் அவர்களே, ப்ர்னோவிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் டாக்டர் யானா ஹ்ரூபெஷோவா அவர்களே, கிராட்ஸ் நகர் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

பேராசிரியர் ஒட்டோகார் லைட்கெப் புனிதர் அல்லர். கோபக்காரர், பிடிவாதக்காரர், பிறர் பேசும்போது மூக்குக்கண்ணாடி துடைப்பவர். முப்பத்தொரு ஆண்டுகள் அவரோடு வேலை செய்த ஹெட்விக் ரவுஷர் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் அவர் பொய்யர் அல்லர்! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உறவினர்களுக்காக ஒரு விளக்கம். கட்டைவிரல் நகமளவு இரிடியம் உலோகத்தைக் காற்றில்லாத கலத்தில் செக்கச்செவேலெனச் சூடாக்குவோம். கரி கலந்த வாயுவைத் துளி விடுவோம். வாயு சிதைந்து, கரி அணுக்கள் உலோகத்தின்மேல் தேன்கூட்டுக் கண்களாகக் கோத்துக்கொள்ளும். கனம் ஓரணுதான். பிறகு ஊசிமுனையை அதன்மேல் தொடாமல் நகர்த்திப் படமெடுப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நடந்தாலே படம் கலைந்துவிடும். அதனால் எல்லோருக்கும் கம்பளிச் செருப்பு. பார்வையிட வந்த அமைச்சர் ஒருவரிடம் பேராசிரியர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "நீங்க அமைச்சரா இருக்கலாங்க. என் ஊசிக்கு நீங்க தொண்ணூறு கிலோ அதிர்ச்சி, அவ்வளவுதான். ஷூவைக் கழட்டுங்க!" கழற்றினார். காலுறையில் ஓட்டை.

1993 பிப்ரவரியில் ஒரு படம் கிடைத்தது. கிழிசல் இல்லை, ஒட்டு இல்லை, திசை மாறிய ஒரு துண்டு இல்லை. உலோகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரே படலம்! உலகில் எவரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. செய்முறையை அப்படியே அச்சிட்டார்: இத்தனை டிகிரி, இத்தனை வாயு, ஐந்து நிமிடம்.

ஏழு நகரங்களில் செய்துபார்த்தார்கள். ஏழிலும் கந்தல். நம் கூடத்திலேயே அவர் நாற்பத்தொரு முறை செய்தார். நாற்பத்தொரு முறையும் கந்தல்! அதிக நேரம் வைத்தால் கரிமேல் கரி ஏறும் என்பது அன்று எல்லோருக்கும் வேதம். ஆகவே நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்களே தவிர, கூட்ட எவருக்கும் தோன்றவில்லை. ஒரு மாநாட்டில் ஒருவர் எழுந்து கேட்டார்: "லைட்கெப் சார், அந்தப் படத்தை வரைஞ்சது ஊசியா, உங்க பேனாவா?" அரங்கம் சிரித்தது. அன்று சிரித்தவர்கள் சிலர் இங்கே கறுப்பு உடையில் அமர்ந்திருக்கிறீர்கள். நலமா?

அதன்பின் அவர் மாநாடுகளுக்குப் போகவில்லை. மாணவர்கள் குறைந்தார்கள். அவர் பெயரைச் சொன்னால் ஒரு புருவம் உயரும். ஒரு மனிதனைக் கொல்ல அதற்குமேல் என்ன வேண்டும்? இருபத்தாறு ஆண்டுகள், அன்பர்களே!

இந்த ஏப்ரலில் டாக்டர் யானா அதே படலத்தை வளர்த்தார். மூன்று முறை வளர்த்தார். படத்தோடு நேராகப் பேராசிரியர் படுத்திருந்த மருத்துவமனைக்கு வந்து அவர் போர்வைமேல் விரித்தார். நானும் இருந்தேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"எத்தனை நிமிஷம்மா?"

"ரெண்டு மணி நேரம், ஹெர் புரொஃபெசர். அவ்வளவு நேரம் விட்டா, கோணலா வளர்ந்த துண்டையெல்லாம் நேரா வளர்ந்தது முழுங்கிடுது."

"ரெண்டு மணியா? யாரு சொன்னா?"

"பேரில்லாம தட்டச்சுல ஒரு கடுதாசி வந்துது. பைத்தியம்னுதான் நினைச்சேன். வேற வழியில்லாம செஞ்சு பார்த்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஃப்ராவ் டாக்டர், நம்ம பதிவேட்டுல அஞ்சு நிமிஷம்னுதானே இருக்கு?"

நான் சன்னலைப் பார்த்தேன்.

"சரி விடுங்க. படம் நெசம். அது போதும். இங்க சூப்தான் வாயில வைக்க முடியல."

அதிலிருந்து பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். திருமதி வால்ட்ராவுட் என்னிடம், "அந்தப் பதினோரு நாளும் குறட்டை விட்டுத் தூங்கினாரு, ஹெடி. என்னால தூங்க முடியல, அவ்வளவு சத்தம்" என்றார். இது அழவேண்டிய கூட்டமா? இல்லை! மூச்சை நிதானமாக விடவேண்டிய கூட்டம். பொய்யன் என்ற பட்டத்தோடு அவரைப் புதைக்கவில்லையே, அதற்காக!

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி ஏற்க உங்களை அழைக்கிறேன். மாலையும் சிலையும் வேண்டாம். கருவிப் பதிவேட்டில் நடந்ததை எழுதுங்கள், நடந்திருக்க வேண்டியதை எழுதாதீர்கள். இவ்வளவுதான் உறுதிமொழி.

அதை முதலில் ஏற்கவேண்டியவள் நான். 1993 பிப்ரவரி இருபத்துமூன்று, கார்னிவல் செவ்வாய். கீழே உணவகத்தில் ஆப்ரிகாட் ஜாம் வைத்த க்ராப்ஃபென் பணியாரம் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூட்டையும் வாயுவையும் நிறுத்தாமல் இறங்கிப் போனேன். மூன்று தின்றேன். அரட்டை அடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஏறி வந்து, யாரும் பார்க்கவில்லை என்பதால், ஐந்து நிமிடம் என்று எழுதினேன். ப்ர்னோவுக்குக் கடிதம் எழுதியவளும் நானே. இருபத்தாறு ஆண்டு தாமதமாக.