பதினோரு பேரில் நாலு பேர்

ஒடெசா: வேஷத்தோட தோள்பட்டையைப் பிடிச்சு இழுக்காதடா. பசை இன்னும் காயல, கையோட வந்துடும்.

கோர்னெல்: வரிசையை விட்டு வான்னுதான் இழுக்குறேன். முன்னாடி ஏழு பேர் நிக்கிறாங்க அக்கா. மைக் கிட்ட போறதுக்குள்ள உனக்குக் கிழவி வேஷம்தான் பொருந்தும்.

ஒடெசா: பொருந்தட்டும். காலைல எட்டு மணியிலேர்ந்து இந்த ரசிகர் மாநாடு நடக்குற ஹோட்டல் வாசல்ல நின்னது எதுக்கு? மேடையில உக்காந்திருக்கானே பிரெஸ்காட், அவனைப் பாத்து ஒரு கேள்வி கேக்கத்தான்.

கோர்னெல்: அதான் உன் இன்டர்நெட் நிகழ்ச்சியில வாரா வாரம் கேக்குறியே. அட்லான்டா பூரா கேட்டாச்சு.

ஒடெசா: அவன் கேக்கலையே. 'எஃகுப் பருந்து' தொடர்ல யார் வாழணும், யார் சாகணும்னு முடிவு பண்றவன் அவன். நேர்ல கேட்டாதான் பதில் சொல்லியாகணும்.

கோர்னெல்: இவ்வளவு கோபம் இருந்தா பாக்காம விட்டுடலாமே. மூணு சீசன் விடாம பாத்துட்டு, அதுல வர்ற கறுப்புப் பொண்ணு ரீங்காரி மாதிரி வேஷமும் போட்டுக்கிட்டு...

ஒடெசா: பிடிக்காதவளா இருந்தா எப்பவோ அணைச்சிட்டுப் போயிருப்பேன். பிடிச்சுப் போச்சே, அதான் வயிறு எரியுது. முதல் சீசன், நாலாவது வாரம். ரீங்காரி சும்மா வாய்க்குள்ள முனகுறா, பேங்க் பெட்டகம் பொடிப் பொடியா உதிருது. அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு... நம்ம வீட்டுப் பொண்ணு சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதோட சரி. அப்புறம் மூணு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சுட்டாங்க.

கோர்னெல்: மூளைக்காரின்னு காட்டுறாங்க. அது நல்லதுதானே?

ஒடெசா: முனகினா மலை உடையும். அவ இதுவரைக்கும் தூக்கினது காபி கப் மட்டும்தான். 'உன்னால முடியும் பருந்து, நீ பறந்து போ'... இதைச் சொல்றதுக்கு எதுக்குடா சக்தி? அம்மா உண்டா, வீடு உண்டா, காதலன் உண்டா? எதுவும் கிடையாது. பருந்துக்கு மட்டும் தாத்தா வரைக்கும் கதை இருக்கு.

கோர்னெல்: மெதுவா பேசு. முன்னாடி நிக்கிறவர் திரும்பிப் பாக்குறார்.

ஒடெசா: பாக்கட்டும். ராத்திரி சீன் வந்தா அவளோட பல்லு மட்டும்தான் தெரியுது. பக்கத்துல நிக்கிற வெள்ளைக்காரப் பருந்து முகத்துல மட்டும் எங்கிருந்தோ நிலா அடிக்குது. நிலாவுக்கும் ஆள் பாக்கத் தெரியும் போல.

கோர்னெல்: ...சரி, அது உண்மைதான்.

ஒடெசா: ஆத்துல முங்கி எந்திரிக்கிறா. முடி நூல் பிடிச்ச மாதிரி நேரா, காஞ்சு கிடக்கு. நம்ம முடியில தண்ணி பட்டா சுருண்டுக்கும்னு அங்க ஒருத்தருக்குமா தெரியாது? நான் ஆறு மணி நேரம் உக்காந்து பின்னிக்கிட்டு வந்திருக்கேன். வாசல்ல ஒரு பொண்ணு என்னைத் திருத்துறா... 'ரீங்காரிக்குப் பின்னல் கிடையாதே'ன்னு. என் தலையைப் பாத்து, நான் தப்பாம்.

கோர்னெல்: நீ என்ன சொன்ன?

ஒடெசா: ரீங்காரிகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். நகரு, ஒருத்தர் முடிச்சாச்சு. அந்தாளு என்ன கேட்டார்?

கோர்னெல்: பருந்து பூட்ஸ் எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டார். பாத்தியா, மத்தவங்க எல்லாம் எவ்வளவு சந்தோஷமா கேக்குறாங்க. நீயும் அப்படி ஏதாவது...

ஒடெசா: நான் கேக்கப் போறது வேற கணக்கு. சீசன் ஆரம்பிக்கறப்ப ஊர் பூரா ஒரு போஸ்டர் ஒட்டினாங்களே, 'இந்த சீசனில் பதினோரு கறுப்பின நடிகர்கள்'னு, பாத்தியா?

கோர்னெல்: பாத்தேன். நம்ம ஆளுங்க பதினோரு பேருக்கு வேலை. அதுலயும் குறையா?

ஒடெசா: நான் ஒவ்வொரு வாரமும் நிறுத்தி நிறுத்திப் பாத்து எண்ணினேன். பதினொண்ணு இல்ல. எட்டு.

கோர்னெல்: நீ யாரையாவது விட்டிருப்ப.

ஒடெசா: நான் விடல. அவங்க ஒரே ஆளை நாலா எண்ணியிருக்காங்க. ரெண்டாவது வாரம் குண்டு வெடிச்சு ஒரு பேங்க் காவலாளி செத்தான். அஞ்சாவது வாரம் பருந்து தள்ளிவிட்டு மாடியிலேர்ந்து ஒரு திருடன் விழுந்தான். ஒன்பதாவது வாரம் ஜெயில்ல ஒரு கைதி எரிஞ்சு போனான். பன்னெண்டாவது வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டு ஒரு பஸ் டிரைவர் செத்தான். தொப்பி, முகமூடி, புகை, கடைசியில முதுகு. நாலு பேரும் ஒரே ஆள்.

கோர்னெல்: முகமே தெரியாதப்ப ஒரே ஆள்னு எப்படிச் சொல்ற?

ஒடெசா: முகம் தெரியாதுங்கிற தைரியத்துலதானே அவங்களும் பண்ணினாங்க. நாலு வெள்ளைக்காரன் சாகணும்னா நாலு ஆள் தேடியிருப்பாங்க. நம்ம ஆள்னா ஒருத்தனே போதும், எவன் பாக்கப் போறான்னு நினைப்பு. கொல்லும்போது ஒருத்தன், போஸ்டர்ல பெருமை அடிச்சுக்கும்போது நாலு பேர்.

கோர்னெல்: அக்கா, அவன் ஸ்டன்ட் ஆளா இருப்பான். விழறதும் எரியறதும் அவன் வேலை. அதுல என்ன அவமானம்?

ஒடெசா: அவன் வேலையை நான் குறை சொல்லவே இல்லையே. அவ்வளவு அழகா விழறான். கடைசியில ஓடுற பேர்ப் பட்டியல்ல அவன் பேர் எங்க? 'காவலாளி', 'திருடன்', 'கைதி', 'டிரைவர்'. அவ்வளவுதான். இதைத்தான் கேக்கப் போறேன். நாலு தடவை செத்தவன் பேர் என்ன?

கோர்னெல்: கேக்காத.

ஒடெசா: ஏன்?

கோர்னெல்: ...சும்மா சொன்னேன். இவ்வளவு கூட்டத்துல... விடு, வா. கீழ போய் பார்பிக்யூ வாங்கித் தர்றேன். அம்மாவும் காத்துட்டு இருப்பாங்க.

ஒடெசா: அம்மா இன்னிக்கு சர்ச்சுல பாடப் போயிருக்காங்க. ஏன் கேக்கக் கூடாது, கோர்னெல்?

கோர்னெல்: அந்த ஆளோட பிழைப்பு கெட்டுப் போகும். அவன் வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருப்பான். நீ இங்க கேட்டா, உனக்கு யார் சொன்னதுன்னு தேடுவாங்க. கடைசியில அவன் தலையிலதான் விழும்.

ஒடெசா: உனக்கு எப்படித் தெரியும், கையெழுத்துப் போட்டானா இல்லையான்னு? ஏர்போர்ட்ல சரக்கு ஏத்துற வேலைன்னு வீட்டுல சொல்றியே, அங்க இதெல்லாம் சொல்லித் தருவாங்களா?

கோர்னெல்: ...கேள்விப்பட்டேன்.

ஒடெசா: பதினோரு வயசுல ஃபுட்பால் ஆடும்போது உன் வலது மணிக்கட்டு உடைஞ்சுது. அதுலேர்ந்து நீ எங்க விழுந்தாலும் வலது கையை மார்போட அணைச்சுக்கிட்டு, இடது தோள்லதான் விழுவ. ஐஸ் தரையில வழுக்கினா அப்படித்தான். கட்டில்லேர்ந்து உருண்டாலும் அப்படித்தான். மாடியிலேர்ந்து விழுந்த திருடனும் அப்படித்தான் விழுந்தான்டா.

கோர்னெல்: எப்பலேர்ந்து தெரியும்?

ஒடெசா: அஞ்சாவது வாரம் சந்தேகம். ஒன்பதாவது வாரம் நிச்சயம். நீயா சொல்லுவன்னு இத்தனை நாள் காத்திருந்தேன். ஏன்டா சொல்லல?

கோர்னெல்: எப்படிச் சொல்வேன்? வாரா வாரம் மைக் முன்னாடி உக்காந்து, 'நம்ம ஆளைக் கொன்னு வேடிக்கை பாக்குறாங்க'ன்னு நீ கொதிக்கிற. அப்படி விழுந்து செத்தது நான்தான்னு உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? படப்பிடிப்புல எல்லாரும் உன் நிகழ்ச்சியைக் கேக்குறாங்க. நான் உன் தம்பின்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க.

ஒடெசா: பன்னெண்டாவது வாரம் அம்மாவும் என்கூட உக்காந்து பாத்தாங்க. தெரியுமா?

கோர்னெல்: அம்மாவா? அம்மா இதெல்லாம் பாக்க மாட்டாங்களே.

ஒடெசா: அன்னிக்குப் பாத்தாங்க. அந்த பஸ் டிரைவர் பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு எரிஞ்சப்ப அழுதாங்க. 'இவனைப் பெத்தவ எங்க இருக்காளோ, அவளை ஒரு தடவை காட்டக் கூடாதா'ன்னாங்க. நான் பக்கத்துல உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

கோர்னெல்: ...அப்படியா சொன்னாங்க?

ஒடெசா: அப்படியேதான் சொன்னாங்க. இப்ப சொல்லு, நான் கேக்கவா வேண்டாமா?

கோர்னெல்: வேண்டாம் அக்கா. கெஞ்சிக் கேக்குறேன். அடுத்த சீசன்ல எனக்கு நிஜமான வேஷம் கொடுத்திருக்காங்க. பேரோட. மார்கஸ். அம்மா சத்தியமா. ரெண்டு வரி வசனமும் இருக்கு.

ஒடெசா: வசனமா? உனக்கா?

கோர்னெல்: முகமும் தெரியும். மூணு வருஷம் முதுகைக் காட்டினதுக்குக் கிடைச்சது. பட்டியல்ல 'கோர்னெல் டேட்டம்'னு என் பேர் ஓடும். நீ இன்னிக்கு வாயைத் திறந்தா அது போச்சு.

ஒடெசா: ...என்ன வசனம்? சொல்லு, கேப்போம்.

கோர்னெல்: முதல் வரி, 'இந்தக் கதவை என்கிட்ட விடுங்க'.

ஒடெசா: நல்லாதான் இருக்கு. ரெண்டாவது?

கோர்னெல்: அதைச் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்.

ஒடெசா: முதல் வரிக்கு மட்டும் கையெழுத்து இல்லையா?

கோர்னெல்: அக்கா... நகரு. முன்னாடி ஒரே ஒருத்தர்தான் இருக்கார். கேக்க மாட்டேன்னு சொல்லு.

ஒடெசா: மூணு மாசம் எண்ணினேன்டா. நேரம், நிமிஷம், எல்லாம் நோட்டுல எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்.

கோர்னெல்: தெரியும்.

ஒடெசா: உன் இடத்துல வேற யாராவது இருந்திருந்தா கேட்டிருப்பேன்.

கோர்னெல்: அதுவும் தெரியும்.

ஒடெசா: ...சரி, இந்த நோட்டை நீயே வச்சுக்க. என் கையில இருந்தா என் வாய் சும்மா இருக்காது. பக்கத்துலயே நில்லு.

பிரெஸ்காட்: அடுத்த கேள்வி... ஆகா, ரீங்காரியே வந்துட்டாங்க. பிரமாதமான உடை. உங்க பேர் சொல்லுங்க மேடம்.

ஒடெசா: ஒடெசா. என் கேள்வி... ஒண்ணுமில்ல சார், சின்னக் கேள்விதான். ரீங்காரி முதல் சீசன்ல ஒரு தடவை சிரிச்சா. அப்புறம் மூணு வருஷமா சிரிக்கல. அடுத்த சீசன்லயாவது சிரிப்பாளா?

பிரெஸ்காட்: அழகான கேள்வி. கதை கொஞ்சம் சோகமான பக்கம் போகுது, அதனால இப்ப வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா உங்களைப் பாத்ததுமே, உங்க மனசுல வேற ஒரு வருத்தம் இருக்குன்னு எனக்குப் புரியுது. அதுக்கும் பதில் சொல்லிடறேன். போன சீசன்ல பதினோரு கறுப்பின நடிகர்களுக்கு நாங்க இடம் கொடுத்தோம். வேற எந்தத் தொடர்லயும் இவ்வளவு பேர் கிடையாது.

ஒடெசா: பதினோரு பேர்... சரி சார். நன்றி.

பிரெஸ்காட்: இருங்க, ஒண்ணு சொல்லிடறேன். எங்களுக்கு அது வெறும் எண்ணிக்கை இல்ல. பதினோரு பேரும் எங்க குடும்பம். ஒவ்வொருத்தரையும் எனக்கு நல்லாத் தெரியும், பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

ஒடெசா: வா கோர்னெல், போலாம். ...டேய், வாடா. மைக்கை விடு.

பிரெஸ்காட்: பரவாயில்ல மேடம், அவரும் கேக்கட்டும். உங்க நண்பரா? வணக்கம் சார், உங்களை முதல் தடவையா சந்திக்கிறேன். நீங்களும் நம்ம தொடரோட ரசிகரா?

கோர்னெல்: போன வியாழக்கிழமை நீங்க என் கையைக் குலுக்கினீங்க சார். அதை விடுங்க. என் பேர் கோர்னெல் டேட்டம். இவங்க என் சொந்த அக்கா. நீங்க பேர் சொல்லிக் கூப்பிடற பதினோரு பேர்ல காவலாளி, திருடன், கைதி, பஸ் டிரைவர்... நாலு பேரும் நான்தான், இங்கயே நிக்கிறோம். இந்த நோட்டுல நேரம் நிமிஷத்தோட இருக்கு, யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். அக்கா, உன்கிட்ட ரெண்டாவது வரியைச் சொல்லலல்ல? 'என்னை விட்டுட்டு நீ பறந்து போ, பருந்து.' அப்புறம் கூரை இடிஞ்சு என் மேல விழுது. முதல் வாரத்துலயே. உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டன்னு மறைச்சேன். பிரெஸ்காட் சார், அஞ்சாவது சாவுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. இந்தத் தடவையாவது அவனைப் பெத்தவளையும் ஒரு தடவை காட்டுங்க.