வெறுந்தண்ணீரில் இருந்தவன்

பொழுது சாய்கிற நேரம். பிணவறைக்குப் பின்னால் போகும் ஒற்றைச் சாலை... நாய்கூட அங்கே நின்று மோந்து பார்க்காது. நம் தெருவுக்கு வரும் எலெக்ட்ரீஷியனின் மச்சினி அதில்தான் வேலைக்கு நடந்து போவாள். அடையாளம் தெரியாத பிணங்களுக்கு டி.என்.ஏ. பார்க்கிற ஆய்வகம்.

அன்றைக்கு வந்தது ஒரு கடைவாய்ப் பல். சாக்கடையில் ஊறிக் கிடந்த ஆணுடையது. வேரில் இன்னும் சதை. இடித்துப் பொடியாக்கினாள். மாஸ்க்கையும் மீறி... அழுகின கொழுப்பு வாடை. வந்து நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. எச்சில் விழுங்கவே கூசியது அவளுக்கு.

பொடியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து மெஷினில் வைத்தாள். சுடும், ஆறும், மறுபடி சுடும்... ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிப் பெருக்கிக்கொண்டே போகும் மெஷின். பக்கத்தில் வெறுந்தண்ணீர் டியூப் ஒன்று. அதில் எதுவும் பெருகக் கூடாது. பெருகினால், என்னமோ கலந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு இரண்டையும் ஜெல்லிப் பாளத்தில் ஊற்றி, கரண்ட் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தாள். பல்லின் தடத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். தண்ணீரின் தடத்திலும் அதே கோடுகள்... இன்னும் பளிச்சென்று.

கூட வேலை பார்க்கும் சோடாபுட்டி எட்டிப் பார்த்தார். "ரெண்டுலயும் உன் எச்சில் தெறிச்சிருக்கும்மா. உன் கன்னத்து உள்பக்கம் பஞ்சால தடவி எடுத்து ஓட்டிப் பாரு, தெரிஞ்சிடும்."

ஓட்டினாள். அவள் கன்னத்துத் தடத்திலும் அதே கோடுகள். ஆண்களுக்கு மட்டுமே விழும் கோடு உட்பட... அவளுடையது என்று ஒன்றுகூட இல்லை.

வாஷ்பேசினுக்கு ஓடினாள். குமட்டிக் குமட்டித் துப்பினாள். சோப்பை வாய்க்குள் விட்டே தேய்த்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்கவும் அருவருப்பு... யாருடைய ரத்தமோ.

மறுநாள் ஒரு அம்மா வந்தார். மகனைக் காணோமாம், ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். பல் கிடைத்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஊசியோடு குனிந்தவளின் முகவாயைப் பிடித்து அவர் நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?"

நான் உங்கள் மகன் இல்லை என்று சொல்லத்தான் இவள் வாயைத் திறந்தாள். நாக்கு தானாகப் புரண்டது...

"இல்லம்மா. ரொம்ப நாளாச்சு."