கோட்டு தைச்சவங்க பேரு

இல்ல, கறைக்குத்தான் வந்தீங்கன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்... கை நீளத்தக் கொறைக்கணும்னு வந்து நின்னுக்கிட்டு, பாக்கெட்டுக்குக் கீழ அந்த மைக் கறையப் பொத்திப் பொத்தி மறைக்கிறீங்களே. பேனா மூடியத் தொலைச்சிட்டீங்களா? அசையாதீங்க டாக்டரம்மா, குண்டூசி குத்திரும்.

நம்ம தையக் கட எப்படித் தெரியும்? நெட்ல பாத்தா? என்னன்னு தேடினீங்க... வெள்ளக் கோட்டுல மை போகன்னா? அதானே. நெனச்சேன்.

நீங்க பாத்தது சினிமா பத்தி நான் நெட்ல எழுதற பிளாக்கும்மா. ஒம்போது வருஷமா எழுதறேன். பெரிய பெரிய வேஷம் எல்லாம், அந்தந்த ஆளு போட்டிருந்த துணிய வச்சு எழுதறது. குருடனா நடிச்சவரோட மாறிப் போட்ட பட்டன், ராணி வேஷத்துக்குள்ள தெரியாம வச்ச ஒட்டு... யார் எழுதறா இதெல்லாம்? ஆனா வர்றவங்க எதத் தேடிட்டு வர்றாங்கங்கறீங்க? எங்க வீட்டுக்காரரு தெனம் காலையில, யார் என்ன தேடி உள்ள வந்தாங்கங்கற பட்டியல சத்தமா வாசிப்பாரு, காப்பி கூடக் குடிக்க விட மாட்டாரு. 'சட்டையில தக்காளிச் சாறு.' 'நாய் கோட்டக் கடிச்சிருச்சு என்ன பண்ண.' 'டாக்டர் கெட்டவரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது.' உங்களச் சொல்லல. ஒருத்தர் வில்லன் எப்படிச் செத்தான்னு தேடி வந்தாரு, சரி, நம்ம ஆளு ஒருத்தர் கெடச்சாருன்னு பாத்தா, கடைசியில சோப்பு கட்டியா தூளான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. வீட்டுக்காரரு எனக்குக் கறையம்மான்னே பேரு வச்சுட்டாரு.

எல்லாம் அந்த வெள்ளக் கோட்டு வில்லனால வந்தது. படத்துல டாக்டரா வருவாரே, சிரிச்சுக்கிட்டே ஊசி போடுவாரே... தெரியும்ல? தெரியாம இருக்குமா. பள்ளிக்கூட மாறுவேஷத்துல வருஷத்துக்கு நாலு குட்டி வில்லன் வருது. எல்லாம் பேசறதுக்கு முன்னாடி எடது கைய இப்படி ஒரு இழுப்பு இழுக்குது. என்னா ஸ்டைலுன்னு உலகமே சொல்லுது. அது ஸ்டைல் இல்ல டாக்டரம்மா. கை ஒரு இஞ்சு நீளம். தைச்சது எங்கம்மா. அளவு எடுத்தப்ப அந்த நடிகர் யார்கிட்டயோ பேசிக்கிட்டே தோளத் தூக்கிட்டாரு, அம்மா பயந்துக்கிட்டு எறக்குங்கன்னு சொல்லல. அவ்வளவுதான். விரல மூடுதேன்னு மனுஷன் இழுத்து இழுத்து விட்டாரு, அதுவே பேராப் போச்சு.

நீங்க தோள எறக்குங்க. நான் சொல்லிருவேன்.

கேளுங்க, ஒரே ஒரு கோட்டு. கடைசி சீன்ல ரத்தம். பதினோரு தடவ எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் அம்மா அதக் கழட்டிட்டு ஓடி, பச்சத் தண்ணியில அலசி, சோப்புப் போட்டு ஒத்தி, இஸ்திரிப் பெட்டியாலயே காய வச்சு, திரும்ப மாட்டி விட்டாங்க. கை வெந்துபோச்சு. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடுது... வண்டி ஓட்டினவரு பேரு இருக்கு, நாய் கொண்டாந்தவரு பேரு இருக்கு. அம்மா பேரு இல்ல. தியேட்டர்ல வெளக்கு போட்டு, பெருக்கற ஆளு வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அன்னையிலேருந்து அந்தப் படக் கம்பெனிக்காரன நான் திட்டாத நாளில்ல.

அதுக்காகத்தாம்மா பிளாக்குல அந்தக் கோட்டப் பத்தின கட்டுரையே. அம்மா போய் ஆறு வருஷமாச்சு. என்னைக்காவது யாராவது அவங்க பேரத் தேடினா, இந்தா, இவங்கதான் அந்தக் கோட்டு தைச்சவங்கன்னு வந்து நிக்கணும். இருபது பக்கம் எழுதினேன். அதுல கறையப் போக்கினது ஒரே ஒரு பத்தி. ஊரே அந்தப் பத்திக்குத்தான் வருது. அம்மாவத் தேடி ஒரு ஆளு... ஒரே ஒரு ஆளு வந்ததில்ல. கறைக்கு இருக்கற மரியாத மனுஷிக்கு இல்ல.

என்ன, போன எடுக்கறீங்க? நேரமாச்சா? ஓ... நீங்க தேடிப் பாக்கறீங்களா? பாருங்க, தாராளமா பாருங்க. பேரா... எனக்குச் சொல்லிப் பழக்கமில்ல, அம்மான்னே கூப்ட்டாச்சு. இருங்க, மேச மேல சாக்பீஸ்ல எழுதறேன். அதேதான். அடிங்க.

வரலையா? எழுத்து சரியா அடிச்சீங்களா? சரி, கட்டுரையவே தொறங்க. அதுக்குள்ள தேடுங்க, இருக்கும்...

இல்லையா? எப்படி இல்லாம... குடுங்க இப்படி.

'எங்கம்மா அளவெடுத்தாள்'... 'அம்மாவின் கை'... 'அம்மா கடைசி வரை'... அம்மா, அம்மா, அம்மா. எத்தன எடத்துல காட்டுது அது? நாப்பத்தி மூணா? பேரு... ஒரு எடத்துல கூட இல்ல.

நானும் போடல டாக்டரம்மா.

கம்பெனிக்காரனுக்காவது அவங்க யாரோ. நான் அவங்க பெத்த பொண்ணு.

...இல்ல இல்ல, ஒண்ணுமில்ல, இந்தச் சாக்பீஸ் தூசு கண்ணுல பட்டுருச்சு. கோட்டக் கழட்டிக் குடுங்க, குண்டூசி பாத்து. மைக்கு ஸ்பிரிட் தொட்டு ஒத்தணும், தேய்க்கக் கூடாது, உங்க ஆஸ்பத்திரியில இல்லாத ஸ்பிரிட்டா. அந்தப் போன மட்டும் ரெண்டு நிமிஷம் என்கிட்ட விடுங்க, நான் கட்டுரைக்குள்ள போய் ஒரு வரி சேக்கணும். தலைப்புலயா? வேணாம், அத எவன் படிக்கறான்... கறைப் பத்தியில போடறேன். பச்சத் தண்ணிக்குப் பக்கத்துலயே.