அதே காய்ச்சல்

டீயில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள் சார். பரவாயில்லை, குடிக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. என் அண்ணன் மதார்சாவுக்குத்தான் இருந்தது. காலில் புண் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து படுத்தார்.

படுத்த படுக்கையில் ஜமாஅத்தாரைக் கூப்பிட்டு, கீழ்க்கட்டளை வீட்டை அநாதைப் பிள்ளைகளுக்கு வக்ஃபு, தர்மச் சொத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழு வீட்டையும். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வாரிசு நான் ஒருத்தன். குரோம்பேட்டையில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நான் சம்பாதித்ததும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. பத்திரம் அவர் பேரில்.

"பின்னாடி ரூம் சாவுற வரைக்கும் உனக்குத்தான்டா குத்தூஸ். அதையும் எழுதிட்டேன்" என்றார்.

என் வீட்டில் எனக்கே தர்மம்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். நல்ல உடம்போடு இருக்கிறவன் வக்ஃபு செய்தால் முழுவதும் செல்லும். சாவு நோயில் படுத்துக்கொண்டு செய்தால் அது உயில் மாதிரி, வாரிசு சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் செல்லும் என்றார். எது சாவு நோய் என்று கேட்டேன்.

"அதே நோயில மௌத்தானா, அதான் பாய். எழுந்து நடமாடிட்டாருன்னா முழுசும் செல்லும். எழுந்துடுவாரு, துஆ செய்யுங்க" என்று சிரித்தார்.

வழியெல்லாம் அதே யோசனை. அண்ணன் எழுந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அதே காய்ச்சலில் போனால் மூன்றில் இரண்டு. வேறு எதிலும் போகக் கூடாது. தலையணையை வைத்து அழுத்தினால் அது வேறு சாவு, எல்லாம் கெட்டுவிடும். அதனால் அவர்மேல் ஒரு விரல் வைக்கவில்லை.

மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை. வாஷ்பேசினில் கரைத்து ஊற்றிவிட்டேன். புண் கட்ட வருகிற நர்ஸ் பெண் ஜாஸ்மின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தா, அனலா கீது. மாத்திரை கரெக்டா குடுக்குறீங்களா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

போகிறேன் என்றேன். மறுநாள், வேறு ஆள் பார்த்துவிட்டோம், நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான், தெரியும். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை.

அண்ணன் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஆட்டோ கூப்பிடச் சொன்னார். அதைச் செய்யவில்லை.

இப்போது ஹஸ்ரத், கொன்றவனுக்குப் பங்கே கிடையாது என்கிறாராம். அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சு. யார் கொன்றது? அண்ணன் அதே காய்ச்சலில்தான் போனார் சார். அது மாறிவிடாமல் கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.