மீட்டர் இல்லாத வீடு

செத்த அங்கிட்டுத் தள்ளி உக்காருங்கக்கா, மாவு தெறிக்கும். சின்னக் கல்லு இது, உளுந்து பொங்கி வெளிய வந்துருது. வேண்டாம் வேண்டாம், நீங்க கை வைக்காதீக. நல்ல சேலையோட வந்திருக்கீக. நானே தள்ளிக்கிடுவேன், தெனம் தள்ளுற கைதான.

கிரைண்டரா? இருக்கே. அந்தா மூலையில துணி போத்தி வச்சிருக்கேம்லா, அதான். எங்கய்யா கல்யாணத்துக்குக் குடுத்தது. அத இந்த சோலார் இன்வெர்டர் தாங்காதாம். ஒரு நா தெரியாம போட்டுட்டேன். கீ கீன்னு கத்திச்சு, பொறவு வீடே இருண்டு போச்சு. எங்க வீட்டுக்காரவுக மில்லுல இருந்து வந்து, ஏட்டி, வீட்ட எரிக்கப் பாத்தியான்னு கேட்டாக. அன்னிக்குப் போத்துனதுதான். எங்கம்மா வீட்டுலகூட நா ஆட்டுக்கல்லப் பிடிச்சதில்ல. இந்தக் கல்லு பக்கத்து வீட்டு தங்கபாய் அத்தை கோழிக்குத் தண்ணி வச்சிருந்தது. கழுவிக் கொண்டாந்தேன்.

ஒறவெல்லாம் இல்லக்கா. அவுக சர்ச்சுக்குப் போறவுக. அத்தைன்னு கூப்பிட்டுப் பழகிருச்சு.

ஒங்க வீட்டு அண்ணாச்சி இப்ப எறங்கமாட்டாக. இவிய மாடியில பேனலக் காட்ட ஆரம்பிச்சா, வந்தவுகளுக்குக் கால் கடுத்தாத்தான் நிறுத்துவாக. ஒங்க பாப்பாவும் மேலதான இருக்கா? இருக்கட்டும், வெயிலும் இல்ல. மூடாக்காத்தான் இருக்கு.

அவ மருந்தா? வச்சிட்டேங்க்கா. பிரிட்ஜுல நடுத்தட்டுல, முட்டைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். ஐஸ் பெட்டிக்குள்ள வச்சா இன்சுலின் வீணாப் போகும்னு சொன்னீகளே, அதான் நடுத்தட்டு. இல்லல்ல, கூலிங் நிக்கும். இன்னிக்கு நிக்கும்.

இன்னிக்குன்னு ஏன் சொன்னேனா? சும்மா வாயில வந்திருச்சு. நா யாருகிட்டயும் இம்புட்டுப் பேசுறதே இல்லக்கா. பள்ளிக்கூடத்துலயே டீச்சர் கேள்வி கேட்டா தூணுக்குப் பின்னால போயிருவேன். அஞ்சாவதோட நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கோங்களேன்.

ஞாயித்துக்கெழமைன்னா யாராவது இப்படி வந்துருவாக. போன வாரம் கான்சாபுரத்துக்காரவுக. அதுக்கு முந்தி செட்டியார்பட்டியில தறி போட்டிருக்கிறவுக. இவியகூட மில்லுல வேலை பாக்குற சமுத்திரம் அண்ணன் போன்ல படம் பிடிச்சு, மீட்டர் இல்லாத வீடுன்னு பேரு வச்சு எல்லாருக்கும் அனுப்பி விட்டுச்சு. அண்ணாச்சிக்கும் அப்படித்தான வந்துச்சு? வந்தவுக மாடிக்குப் போவாக. பேட்டரியப் பாப்பாக. நீல டிரம்முல சாணிக் கேசு இருக்குல்லா, அத மோந்து பாத்து மூக்கப் பிடிப்பாக. பொறவு எறங்கி வந்து பிரிட்ஜத் தொறந்து உள்ள கைய வைப்பாக. சில்லுன்னு இருக்கவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிடுவாக. பிரிட்ஜு அடுப்படி வாசல்லயே நிக்கிறதால அதோட போயிருவாக. உள்ள வந்து எங்கூட உக்காந்தது நீங்கதான்.

சாணிக் கேசா? எரியும் எரியும். ஒரு செம்பு காப்பித் தண்ணி கொதிக்கும், பொறவு கண்ண மூடிக்கிடும். அதுக்கு நா தெனம் சாணி கரைச்சு ஊத்தணும். மாடு நம்மளுது இல்ல, சாணி மட்டும் நம்மளுது. அட்டப்பெட்டிக்குள்ள தகரத்தாள் ஒட்டி, வெயில்ல சோறு பொங்குற பெட்டி ஒண்ணும் செஞ்சாக. காலையில வச்ச அரிசி உச்சிப்பொழுதுக்கு வெந்துச்சு. வேகவும் மலையில இருந்து வந்த குரங்கு பெட்டியோட தூக்கிட்டுப் போயிருச்சு. சிரிக்காதீக, அன்னிக்கு எங்களுக்குப் பழைய சோறுதான்.

அவியள நா கொறை சொல்லலக்கா. மனுசன் குடிக்க மாட்டாக, சீட்டாட மாட்டாக. மில்லுல மெசினு நின்னா இவியளத்தான் தேடுவாக. கைவேலைன்னா அப்படி. ஆனா இதுல மட்டும் ஒரு வைராக்கியம் வந்து உக்காந்துக்கிட்டு.

அதுக்குக் காரணம் அந்தச் செவுரு. இந்தப் பக்கம் தெரியுதுல்லா? இது ஒரே வீடுதான். நடுவுல செவுரு வச்சு, அங்கிட்டு இவிய அண்ணன் மாரிச்சாமி, இங்கிட்டு நாங்க. மீட்டர் அவுக பக்கம் போயிருச்சு. போன மாசியில எம்பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகல்லயும் பேனு ஓடுச்சு. அவுக அண்ணன் தெருவுல நின்னு நாலு பேரு கேக்கச் சொன்னாக, எம்மீட்டர் காத்துலதான்டா உம்பிள்ள தூங்குதுன்னு. அம்புட்டுத்தான். இவிய உள்ள வந்து கட்டிங்பிளேயர எடுத்தாக, வயர வெட்டுனாக. இனிமே இன்னொருத்தன் கரண்டு எவ்வீட்டு வாசப்படி ஏறாதுன்னு சொன்னாக. பிள்ளை தலையில கைய வச்சுச் சொன்னாகக்கா.

தனி மீட்டரா? நானும் அதத்தான் கேட்டேன். ஊரே நூறு யூனிட்ட ஓசியில எரிக்கிது, நாமளும் எழுதிக் குடுப்போம்னு கெஞ்சினேன். சூரியனுக்கு அண்ணன் தம்பி கெடையாதுன்னு சொன்னாக.

எல்லாத்தையும் பங்குனியில வச்சாகக்கா. அங்கதான் தப்பு. பங்குனி வெயில் இங்க எப்படி அடிக்கும், ஒங்களுக்குத் தெரியாததா? அந்த வெயில அளந்து, இம்புட்டு வருது, இது பிரிட்ஜுக்கு, இது பேனுக்குன்னு பிரிச்சு வச்சாக. பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கட்டியிருந்த பட்டுச்சேலையிலயே பொண்டாட்டி வருசம் பூரா இருப்பான்னு நெனைச்ச கணக்கா. ஆனி பொறக்கவும் மேக்க மலையில மேகம் எறங்கி உக்காந்துக்கிட்டு. பிளவக்கல் அணைப் பக்கம் மழை பேஞ்சா இங்க வெறும் சாரலு. நனையவும் நனையாது, வெயிலும் வராது. வர்ற கொஞ்ச வெயிலையும் மில்லுப் பஞ்சு பறந்து வந்து பேனல்ல ஒட்டி மறைச்சுக்கிடும். பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஏணியில ஏறித் தொடைப்பேன். வழுக்கினா என்ன ஆகும்னு நெனைக்கிறதே இல்ல, நெனைச்சா ஏறமுடியாது.

இந்தா, இவதான். தொட்டில்ல முழிச்சே கெடக்கா பாருங்க. கேளுங்க, கீ கீங்கிறாளா? அது அந்த இன்வெர்டர் சத்தம். பேட்டரி எறங்குனா அது கத்தும்ல, அதக் கேட்டுக் கேட்டு இவ அம்மான்னு சொல்ல முந்தி அதப் படிச்சுக்கிட்டா. அவுகப்பாவுக்குப் பெருமை வேற.

எனக்குப் பால் பத்தாதுக்கா. பசும்பால் காய்ச்சி பிரிட்ஜுல வச்சு எடுத்து எடுத்துக் குடுப்பேன். ஆனியில ஒரு வாரம், காலையில ஓடுற பிரிட்ஜு மத்தியானம் நின்னுரும். தொறந்தா வெறும் பொட்டி மாதிரி இருக்கும். பாலு திரிஞ்சத நா கவனிக்கல. லேசாத்தான் புளிச்சிருந்துச்சு போல. பிள்ளைக்கு வாந்தி, வயித்தாலயும் போச்சு, கண்ணு உள்ள போயிருச்சு. ஆஸ்பத்திரியில இம்புட்டூண்டு கையில ஊசிய ஏத்தி குளுக்கோஸ் போட்டாக. இவிய அழுதாக. அழுதுட்டு நேராப் போயி பால்காரனச் சட்டையப் பிடிச்சாக, நீ என்னத்தக் கலந்தன்னு. பிரிட்ஜு மேல சந்தேகமே வரல. அது அவிய கையால மாட்டுனதுல்லா.

இல்லக்கா. அதுக்குப் பொறவு பாலு கெடல. ஒரு நாளும் கெடல.

எப்படின்னா... எப்படியோ நிக்குது. கொஞ்சம் அந்தத் தண்ணிச் செம்ப நவுத்துங்க. மாவு எறுகுது.

ஒங்க வீட்டுலயும் பிரிட்ஜ இதுலதான் மாட்டப் போறாகளா? சரி. மீட்டர் இருக்கும்ல? மேகம் போட்டா அதுல மாத்திக்கிடலாம். மீட்டர் இருக்கட்டும்னு சொல்லுங்கக்கா, அது என்ன சோறா கேக்கு?

நாளைக்கேவா?

கரண்டாபீசுக்கு எழுதியே குடுத்தாச்சா? நாளைக்கு வந்து கழட்டிருவாகளா? யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி? இவியளா. ஆமா, சொல்லுவாக. மீட்டர வச்சுக்கிட்டே சோலார் போடுறவன் மாடும் கட்டிப் பாலும் வாங்குறவன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவாக. கான்சாபுரத்துக்காரவுக சிரிச்சுட்டுப் போயிட்டாக. அண்ணாச்சி மெய்யாவே எழுதிக் குடுத்துட்டாகளே.

ஆடிப்பூரம் தேரு முடியட்டும்னு சொல்லிப் பாருங்களேன். ஆடியில வீட்டுல எதையும் மாத்தக்கூடாதுன்னு சொல்லுங்க. நம்பமாட்டாகளா? ஒங்கம்மாவ விட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஆடி கழியட்டும், ஐப்பசி மழையும் கழியட்டும், ஒரு வருச வெயிலப் பாத்துட்டுப் பொறவு முடிவு பண்ணட்டும். நா ஏன் இம்புட்டுப் பதறுறேன்னு பாக்கீக.

இன்சுலின் வெளிய இருந்தா என்ன ஆகும்க்கா? இந்தப் புழுக்கத்துல? பாத்தா தெரியாதா, கெட்டுப் போனா? அப்ப கெட்டதுன்னு தெரியாமலே பிள்ளைக்குப் போட்டுருவீக. பாலாச்சும் புளிச்சு வாடை அடிக்கும். இதுல ஒரு வாடையும் வராதே. பாப்பாவுக்கு அது இல்லாம ஒரு நாளும் ஆகாதுன்னு சொன்னீகளே.

இல்ல, கொழவி வழுக்கிருச்சு. ஒண்ணும் படல.

அக்கா, அந்த அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு சாக்கு கெடக்குல்லா, அதச் செத்தத் தூக்கிப் பாருங்க. மஞ்ச வயரு ஒண்ணு இருக்கும், முனையில ஒரு பெட்டி. தொடாதீக, பாத்தாப் போதும். மேல சன்னல் ஓட்டை வழியா வருது பாருங்க, அது தங்கபாய் அத்தை வீட்டு அடுப்படி. பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னிக்கு அவுகளே உள்ள விட்டது. சண்டையெல்லாம் நீங்க போட்டுக்கோங்க, பிள்ளைக்கு என்னட்டி வந்துச்சுன்னு சொன்னாக. இவிய மில்லுக்குப் போனா பிரிட்ஜ அதுல சொருகிருவேன். வார சத்தம் கேட்டா இங்க மாத்திருவேன். பகல் பூரா பிரிட்ஜு அங்க ஓடுறதாலதான் பேட்டரி ராத்திரிக்குத் தாங்குது. இவிய பேட்டரி அளவு காட்டுற முள்ளப் பாத்துட்டு, ஏட்டி, ஆடியிலயும் எப்படி நிக்குது பாத்தியாங்கிறாக. நா ஆமாங்கேன்.

இப்பவும் அதுலதான் ஓடுது. நீங்க மருந்தக் குடுத்தீகளா, எனக்கு மனசு கேக்கல. அவிய வீட்டுல இருக்கையிலயே மாத்திட்டேன். டக்குன்னு ஒரு சத்தம் கேட்டு என்னன்னு கேட்டீகளே, அதான் அது. நீங்க கைய வச்சுப் பாத்த குளிரு சூரியன் குடுத்தது இல்லக்கா.

என்னய அப்படிப் பாக்காதீக. பிள்ளை தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணுன மனுசனுக்கு, அந்தப் பிள்ளைய இன்னொருத்தர் கரண்டுதான் காப்பாத்துதுன்னு எந்த வாயால சொல்ல? அவுக அண்ணன் காதுக்குப் போனா தெருவுல சொல்லிச் சொல்லியே கொன்னுருவாக. நீங்க அண்ணாச்சிகிட்டச் சொன்னாலும் அண்ணாச்சி இவியகிட்டக் கேக்காம இருப்பாகளா? அதான் என்ன செய்யன்னு தெரியாம காலையில இருந்து பேசிக்கிட்டே இருக்கேன். ஆனா பாப்பா மூஞ்சியப் பாத்துட்டுச் சும்மா...

என்னங்க? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

பிரிட்ஜு கரண்டு இழுக்குறது மேல இருக்கிற மெசின்ல காட்டலையாம்க்கா. அண்ணாச்சிக்குக் காட்டப் போயிருக்காக. பிளக்கு கழண்டிருக்கான்னு பாக்கச் சொல்றாக.

ஆமாங்க, லேசாக் கழண்டிருக்கு! இந்தா சொருகுறேன்!

அக்கா, எங்கையெல்லாம் மாவு, ஈரம். நீங்க கொஞ்சம் அந்த பிளக்க இந்தக் கருப்புப் பெட்டியில மாத்துங்க, அதுதான் சோலார் லைன். சீக்கிரம். ஆங், அதான். சாக்க மூடிருங்க, வயரு தெரியாம மூடுங்க. கீ கீங்குதா? கத்தட்டும், மூடாக்குல அது கத்தத்தான் செய்யும்.

காட்டுதாங்க? வந்திருச்சா? சரிங்க!

கேட்டீகளா, எம்புட்டுச் சந்தோசமாச் சிரிக்காக. அண்ணாச்சியும் சிரிக்காகளே.

நானா? மேலயா? இந்தா வாரேன், கையக் கழுவிட்டு. அக்கா, கேளுங்க, அவிய ரெண்டு பேரும் எறங்கி வந்து கேட்டா பிரிட்ஜு நல்லா ஓடுதுன்னு சொல்லிராதீக, ஓடலன்னும் சொல்லிராதீக, மீட்டருக்கு மட்டும் எப்படியாச்சும் ஒரு வருசம் தவணை வாங்கிருங்க, அது போதும்.