எலிகள் தின்ற மாத்திரை

கிர்ஸ்டன், உன் அப்பாவுக்குக் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"டேய் டுவேன், ஒம்போது நாளா கழனித் தண்ணியக் குடுத்து காப்பின்னு சொன்னாங்கடா. மனுசன் குடிக்கிற மாதிரி ஒண்ணு போடு."

போட்டுக் கொடுத்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் யாரும் இல்லை. உன்னை நான்தான் வரவேண்டாம் என்றேன், காய்ச்சல் தொற்றிக்கொள்ளும் என்று. அதில் பொய் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஜோலீன் என்னிடம் மருந்துப் பையைக் கொடுத்தாள். "இந்தக் காய்ச்சல்ல ரத்தம் தானாவே கட்டி தட்டுது. உள்ள இருக்கையிலேயே ரெண்டு தடவை ஊசிக்குழாய் அடைச்சுக்கிச்சு. இந்த மஞ்ச மாத்திரை முப்பது நாளைக்கு. ஒண்ணுகூட விடக் கூடாது."

"ரத்தம் உறையாம இருக்கவா? அது எலிமருந்தாச்சே."

அவள் சிரித்தாள். "மாடு வச்சிருக்கிற எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. இது வேற மருந்து. எலிமருந்து இல்ல."

சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று உனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது விஸ்கான்சினில் கோடை முழுக்க மழை. அறுத்துப் போட்ட க்ளோவர் புல் நனைந்து பூசணம் பிடித்தது. உன் தாத்தா வீணாக்க மனமில்லாமல் அதையே மாடுகளுக்குப் போட்டார். பிறகு கிடேரிகளுக்குக் கொம்பு அறுத்தார். ரத்தம் நிற்கவே இல்லை. ஏழு கிடேரிகள். கொட்டகைத் தரையை நானும் உன் அப்பாவும் இரண்டு நாள் கழுவினோம். அந்தப் பூசணப் புல்லில் ரத்தத்தை உறையவிடாத விஷம் உண்டு; அதிலிருந்துதான் எலிமருந்து வந்தது. அதைப் பார்த்தவன் அண்ணன் வாயில் அப்படிப்பட்ட ஒன்றை எப்படிப் போடுவான்?

ஆகவே போடவில்லை. அவருக்குக் கண் மங்கல். "நீயே எடுத்துக் குடுடா" என்பார். என்னுடைய வைட்டமின் மாத்திரையும் மஞ்சள்தான். சாப்பாட்டோடு தினமும் அதில் ஒன்றைக் கொடுத்தேன். "நல்ல பையன்டா நீ" என்று கேலி செய்துகொண்டே விழுங்குவார்.

நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் இல்லை. அவருடைய மாத்திரைகளில் ஆறை நசுக்கி, கடலை வெண்ணெயில் பிசைந்து தீவன அறையில் எலிகளுக்கு ஒரு தட்டில் வைத்தேன். மறுநாள் தட்டு சுத்தமாக இருந்தது. அடுத்த நாள் ஆறு. அதற்கடுத்த நாளும் ஆறு. ஒரு வாரம் பார்த்தேன். எலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து எட்டாவது நாள். மாத்திரை இன்னும் பன்னிரண்டு மிச்சம் இருந்தது.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போகக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வரும்போது சொன்னார்: "கிறிஸ்துமஸ் முடியட்டும், மாடுங்கள ஏலத்துல விட்டுடலாம்டா. என்னால இனி முடியாது. நீயும் ஓஞ்சுதான் போயிட்ட." நாற்பத்திரண்டு மாடு. கறவையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை.

பத்தாம் நாள் கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. "படுத்தே கெடந்தா அப்படித்தான், அண்ணே" என்றேன். சூடான துணி வைத்தேன். ஜோலீனின் எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

பதினோராம் நாள் காலைக் கறவை முடித்து வந்தேன். சமையலறை மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "மூச்சு..." என்றார். கையிலிருந்த கரண்டியிலிருந்து சர்க்கரை சிந்தியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள்.

நீ தொலைபேசியில் கேட்டாய்: "சித்தப்பா, மாத்திரையெல்லாம் ஒழுங்காக் குடுத்தீங்கல்ல?"

"ஒரு நாளும் தவறலம்மா" என்றேன்.

மாடுகள் கொட்டகையில் இருக்கின்றன. இன்று காலையும் கறந்தேன். அவருடைய நாற்காலியில் பூனையைக்கூட உட்கார விடுவதில்லை. நான் என் அண்ணனை நேசித்தேன், கிர்ஸ்டன். பயத்தில் செய்த காரியம் இது. அந்த மருந்து விஷம் என்று மனதார நம்பினேன்.

ஜனவரியில் எனக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கிளம்பும்போது ஜோலீன் அதே மஞ்சள் மாத்திரையில் முப்பது கொடுத்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. முப்பதையும் விழுங்கினேன், ஒரு நாளும் தவறாமல்.