தன்னால் வரும் மூச்சு

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனில் அன்றைய பதிவை எழுதுவேன். பால் எழும்பும்போது அடுப்பை அணைப்பேன். என் மனைவி இருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

என் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது தாவோ என்ற பழைய சீனத் தத்துவத்தைப் பற்றி. தண்ணீர் எதோடும் மல்லுக்கட்டுவதில்லை. பள்ளம் பார்த்துப் போய்விடுகிறது. நாமும் தடுக்காமல், திணிக்காமல் இருந்தால் காரியம் தன்னால் நடக்கும். கூடவே என் குறைகளையும் ஒளிக்காமல் எழுதுவேன். என் கோபம், என் பொறாமை. அவற்றுக்குத்தான் லைக் அதிகம் விழும்.

என் மனைவிக்கு ஆஸ்துமா. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. என்னைக் கூப்பிடுவதே சாமியாரே என்றுதான்.

"சாமியாரே, உங்க தாவோ வந்து இந்தப் பாத்திரத்தக் கழுவுமா, இல்ல வழக்கம்போல நான்தானா?"

அதையும் பதிவாக்கினேன். நன்றாகப் போனது.

இருமல் எட்டிப் பார்க்கும் முன்பே அவள் கை இன்ஹேலரைத் தேடும். அது வெறும் பயம் என்று எனக்குப் பட்டது. மூச்சோடு மல்லுக்கட்டாவிட்டால் மூச்சு தன்னால் திரும்பும். ஒரே ஒரு முறை அவள் அதை உணர்ந்துவிட்டால் போதும். நல்ல பதிவாகவும் வரும். இன்ஹேலரை எடுத்துப் பரணில், பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் காலை அவள் கைப்பையைத் தரையில் கொட்டித் தேடினாள்.

"பதறாத. தன்னால வரும்" என்றேன்.

சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். நான் முதல் வரியை எழுதினேன். பால் எழும்பியது. அடுப்பை அணைத்தேன். இரண்டாவது வரியையும் எழுதினேன்.

நான் ஸ்டூல் போட்டுப் பரணுக்கு ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது. தேடியும் இன்ஹேலர் கிடைக்கவில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். அவளுடைய அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சொன்னது பொய்யும் இல்லை. அவளுக்குக் கிடைக்கவில்லைதான்.

அன்று மாலை அவளுடைய கடைசி வார்த்தை என்று பக்கத்தில் போட்டேன்: "என்னைப் போக விடுங்க." ஊரே பகிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள். இன்றைக்கும் யாராவது அதை எடுத்துப் போடுகிறார்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுகிறேன். போனிலிருந்து நான் தலை நிமிர்வதற்காகக் காத்திருந்து, அவள் சொன்னது இதுதான்:

"நான் சண்ட போட மாட்டேங்க. எங்க வச்சீங்களோ, எடுத்துக் குடுங்க."